எண்ணம் எது, செயல் எது: ஓ.சி.டி.யை வீட்டிலிருந்தே பிரித்தறியும் முறை

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் அக்கா வேலைக்குப் புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். கேஸ் அடுப்பின் குமிழை மூடிய நிலைக்குத் திருப்பி, இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்து, தணிந்த குரலில் மூன்றுவரை எண்ணி, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் ஒருமுறை தொட்டுவிட்டு வாசலுக்கு வருவார். ஒரு செருப்பில் காலை நுழைத்ததும் நின்றுவிடுவார். "அம்மா, கேஸ் அடைச்சேனா?" என்று கேட்பார். "அடைச்சாச்சு மக்களே, நீ போ" என்பார் அம்மா. அக்காவின் முகம் ஒரு நொடி தெளியும். மற்றொரு செருப்பை மாட்டுவதற்குள் மீண்டும் இருண்டுவிடும். மறுபடியும் அடுக்களைக்குப் போவார். அதற்குள் மார்த்தாண்டம் செல்லும் பேருந்துகள் இரண்டேனும் போயிருக்கும்.

இது எண்ணச் சுழற்சி நோய் என்றும், மருத்துவர்கள் இதனை ஓ.சி.டி. என்று குறிப்பிடுகிறார்கள் என்றும் நாங்கள் அறிந்துகொள்ள ஏழு ஆண்டுகள் ஆயின. அதுவரை வீட்டார் அனைவரும் ஒரே தவற்றைத்தான் செய்தோம். எண்ணத்தை நோய் என்று நினைத்து, "அப்படி நினைக்காதே" என்று அதனோடு மல்லுக்கு நின்றோம். உண்மையில் நோயை வளர்த்துக்கொண்டிருந்த செயலையோ, அம்மாவின் பதில் உட்பட, அன்பு என்று கருதி ஊட்டி வளர்த்தோம். எண்ணத்தையும் செயலையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதே இந்த நோயைப் புரிந்துகொள்வதன் முதற்படி என்பதால், அதை எவ்வாறு செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயைக் கண்டறிந்து உறுதி செய்வதும் மருந்து தருவதும் மருத்துவரின் பணி. ஆனால் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமலேயே ஆண்டுகளைக் கழித்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் பல உண்டு என்பதை நான் அறிவேன்.

எண்ணம் தானாக வருவது

முதலாவது, வலிந்து வரும் எண்ணம். அது சொற்களாக மட்டும் வருவதில்லை. கண்முன் ஒரு காட்சியாகவோ, "இப்போது இதைச் செய்துவிடுவேனோ" என்ற உந்துதலாகவோ, "ஏதோ சரியாக இல்லை" என்ற விளக்க முடியாத உறுத்தலாகவோ அது வரலாம். அழைக்காமல் வருவதும், விரும்பாமல் வருவதும், போகச் சொன்னால் போகாததும் அதன் இயல்புகள். கை முழுவதும் கிருமி ஒட்டியிருக்கிறது, கதவு பூட்டப்படவில்லை, ஸ்கூட்டரில் வரும்போது யாரையோ இடித்துவிட்டேன், பெற்ற பிள்ளையை நானே ஏதாவது செய்துவிடுவேன், சுசீந்திரம் கோயிலில் சந்நிதியின் முன் நிற்கையில் ஆபாசமான ஒரு காட்சி மனத்தில் தோன்றுகிறது என்பவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. கை கழுவுவதும் பூட்டைச் சோதிப்பதும் வெளியே தெரிவதால், ஓ.சி.டி. என்றால் அவைதாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். பிள்ளை, பாலுணர்வு, கடவுள் ஆகியவை பற்றிய எண்ணங்களால் வதைபடுகிறவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அத்தகையோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1978-இல் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த உளவியலாளரான பத்மல் டி சில்வாவும், நோயில்லாத சாதாரண மனிதர்களிடமும் நோயுற்றோரிடமும் இத்தகைய எண்ணங்களைக் கேட்டு எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு தரப்பினரின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் பெரிதும் ஒத்திருந்தன. உயரமான இடத்தில் நிற்கும்போது குதித்துவிடுவோமோ என்ற நினைப்பு மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்கும் யாருக்கும் வரக்கூடியதுதான். ஒருவர் அதை உதறிவிட்டுப் பறளியாற்றைப் பார்த்து ரசிக்கிறார்; மற்றொருவரோ "இப்படி ஒரு நினைப்பு வந்தால் நான் எப்படிப்பட்டவன்?" என்று அதற்குப் பொருள் தேடத் தொடங்குகிறார். ஆகவே அருவருப்பான எண்ணம் வருவது நோயின் அடையாளமும் அன்று, குணக்கேட்டின் அடையாளமும் அன்று. ஒருவர் எதை உயிரினும் மேலாக மதிக்கிறாரோ பெரும்பாலும் அதைச் சுற்றியே இந்த எண்ணம் வருகிறது. பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்குத்தான் கையில் மீன் வெட்டும் கத்தி இருக்கும் நேரத்தில் அந்தக் காட்சி தோன்றித் தூக்கிவாரிப் போடுகிறது.

செயல் நாம் செய்வது

இரண்டாவது, கட்டாயச் செயல். எண்ணம் கிளப்பிவிட்ட பதற்றத்தைத் தணிப்பதற்காகவோ, அஞ்சுகிற தீங்கு நேராமல் தடுப்பதற்காகவோ, செய்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் திரும்பத் திரும்பச் செய்யப்படுவது அது. கழுவுதல், சோதித்தல், எண்ணுதல், அடுக்குதல் ஆகியவை எளிதில் கண்ணுக்குத் தெரியும். கேட்டு உறுதி செய்துகொள்வது, வந்த வழியே திரும்பிச் சென்று சாலையைப் பார்ப்பது, இணையத்தில் மணிக்கணக்கில் தேடுவது, கத்தியை எடுத்துப் பரணில் ஒளித்து வைப்பது ஆகியவை அவ்வளவு எளிதில் செயல்களாகத் தெரிவதில்லை. மனத்துக்குள்ளேயே நடப்பவை எவர் கண்ணுக்கும் தெரியாதவை; நோயுற்றவருக்கே கூட அவை தெரிவதில்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "எனக்குச் செயல் எதுவும் இல்லை, எண்ணம் மட்டும்தான்" என்று சொல்பவரிடம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால், அவர் மனத்துக்குள் ஒரு தொழிற்சாலையே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். கெட்ட சொல் ஒன்று தோன்றியதும் அதை அழிக்க நல்ல சொல்லை ஏழு முறை சொல்லிக்கொள்வார், நேற்று நடந்ததைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்து, தாம் தவறு செய்யவில்லை என்று நிறுவ முயல்வார், "எனக்கு உண்மையிலேயே அந்த ஆசை இருக்கிறதா?" என்று தம் உடலையும் உணர்வையும் துழாவிச் சோதிப்பார். எண்ணமும் செயலும் ஒரே மனத்தில், ஒரே மொழியில், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதால் எல்லாம் ஒரே எண்ணம் போலத் தோன்றுகிறது.

அவற்றைப் பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். இது தானாக வந்ததா, நான் செய்ததா? இது வந்ததும் பதற்றம் ஏறியதா, இறங்கியதா? தானாக வந்து பதற்றத்தை ஏற்றுவது எண்ணம். நாம் செய்து, சற்று நேரத்துக்காவது பதற்றத்தை இறக்குவது செயல். எத்தனை நுட்பமான வடிவில் இருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம். பூசைக்கு முன், பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வரும் கல்லூரி மாணவர் ஒருவரின் மனத்தில் இப்படி ஓடுகிறது: "அந்த ஒரு பாவத்தைச் சரியாகச் சொல்லவில்லையோ? இல்லை, சொன்னேன். பாதர் தலையசைத்தாரே. ஆனால் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்குமா? மனத்தாபத்தோடுதான் சொன்னேன். மறுபடியும் மனத்தாபச் செபம் சொல்லிவிடுவோம்." இதில் "சரியாகச் சொல்லவில்லையோ" என்பதும் "கேட்டிருக்குமா" என்பதும் வந்தவை. "சொன்னேன்", "தலையசைத்தாரே", "மனத்தாபத்தோடுதான் சொன்னேன்" ஆகிய மூன்றும் அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட ஆறுதல்கள், அதாவது செயல்கள். இறுதியில், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் அந்தச் செபமும், சொற்களால் செபமாக இருந்தாலும், அந்த இடத்தில் செயலாகிவிடுகிறது.

பக்தி மிகுந்த மூன்று சமயங்கள் அருகருகே வாழும் மாவட்டம் இது என்பதால், இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கோட்டாறு பேராலயம் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் புனித சவேரியாரின் தோழரான இஞ்ஞாசியார், 1522-இல் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, மூன்று நாள் செலவிட்டு முழுப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தும், ஏதோ விடுபட்டுவிட்டது என்ற ஐயத்தால் உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணுமளவு வதைபட்டார். "மிகத் தெளிவாகத் தோன்றும் பழைய பாவத்தை மட்டும் சொல்" என்று அவருக்குக் கட்டளையிடப்பட்டது. அதனால் பயனில்லை, ஏனெனில் அவருக்கு எல்லாமே தெளிவாகத் தோன்றின. கடந்தகாலத்துப் பாவங்களை இனி அறிக்கையிடுவதே இல்லை என்று அவர் முடிவெடுத்த பிறகுதான் அந்த வதை நீங்கியது. அவருக்கு இந்த நோய் இருந்தது என்று இன்று தீர்ப்பளிப்பது சரியன்று. ஆயினும் எண்ணத்தோடு வாதாடுவதை விட்டுச் செயலை நிறுத்தியபோதுதான் விடுதலை கிடைத்தது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் உளூவைத் திரும்பத் திரும்பத் தொடங்குகிறவரின் தவிப்பை முஸ்லிம்கள் வஸ்வாஸ் என்று தனிப்பெயரிட்டே அறிந்திருக்கிறார்கள். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது இஸ்லாமியச் சட்ட நெறியின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வழிபாடு வேறு, வழிபாட்டின் உடையணிந்து வரும் கட்டாயச் செயல் வேறு. முதலாவது அமைதியில் முடிகிறது, இரண்டாவது "இன்னும் ஒருமுறை" என்பதில் முடிகிறது. ஐயம் வரும்போது அந்தந்தச் சமயத்துப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நல்லது. அதே கேள்வியோடு நான்காம் முறை போவது செயலாகிவிடும்.

சக்கரம் எவ்வாறு சுழல்கிறது

அம்மாவின் பதிலைக் கேட்டதும் அக்காவின் முகம் ஒரு நொடி தெளியும் என்றேன். குமிழைத் தொட்டதும் அப்படித்தான் பதற்றம் சற்று இறங்கும். அந்த நிம்மதிதான் கண்ணி. தொட்டதால்தான் வீடு தீப்பிடிக்கவில்லை என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. தொடாவிட்டாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. அடுத்த முறை எண்ணம் இன்னும் வலுவாக வருகிறது, தொடும் எண்ணிக்கையும் கூடுகிறது. தொடத் தொட நினைவின் தெளிவும் குறைந்துவிடுகிறது: ஒருமுறை மூடியவருக்கு மூடியது நினைவிருக்கும், இருபது முறை மூடியவருக்கு, நினைவில் இருப்பது இன்றைய மூடலா நேற்றைய மூடலா என்று தெரியாது.

எண்ணத்தை அடக்கிவிடலாமே என்றால், அதுவும் நடப்பதில்லை. 1987-இல் வெக்னர் என்ற உளவியலாளர், சிலரிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்று சொல்லிச் சோதித்தார். அவர்களுக்கு அந்தக் கரடி திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் ஒருவர் அக்காவிடம் "மனத்தை அடக்கப் பழகுங்கள்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடக்க முடியாதது தன் பலவீனம் என்று எண்ணி அக்கா அழுத இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

குறிப்பேடு எழுதும் முறை

ஒரு வாரம், ஒரு சிறிய நோட்டில், நாளொன்றுக்கு மூன்று நிகழ்வுகளை மட்டும் எழுதினால் போதும். எதனால் தொடங்கியது, என்ன எண்ணம் வந்தது, பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு, என்ன செய்தேன், செய்தபின் எவ்வளவு, ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு என்பவற்றைக் குறிக்க வேண்டும். அக்காவின் நோட்டிலிருந்து, அவர் அனுமதியோடு, ஒரு வரியைத் தருகிறேன்: "காலை 7.50. அடுப்பை அணைத்தேன். கேஸ் கசிந்து அம்மா தூக்கத்திலேயே போய்விடுவார் என்ற எண்ணம். 80. மூன்று முறை தொட்டேன், அம்மாவிடம் கேட்டேன். 30. செருப்பு போடும்போது 75." இந்தக் கடைசி எண்ணைத் தம் கையாலேயே எழுதிய அன்றுதான், செயல் தமக்கு உதவவில்லை என்பதை அக்கா நம்பினார், அதற்கு முன் நாங்கள் எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. எழுதியது சரியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப வாசித்துத் திருத்தத் தோன்றினால், அதுவும் செயல்தான் என்று அறிந்து நோட்டை மூடிவிட வேண்டும்.

மருத்துவர்களும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறார்கள். 1989-இல் வெளிவந்து இன்றும் பரவலாகப் பயன்படும் யேல்-பிரவுன் அளவுகோலில் பத்துக் கேள்விகள் உண்டு. ஐந்து எண்ணங்களைப் பற்றியவை, ஐந்து செயல்களைப் பற்றியவை. மொத்த மதிப்பெண் 40.

எது நோய், எது நோயன்று

வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பதும், கடலுக்குப் போகுமுன் குளச்சல் மீனவர் எஞ்சினையும் டீசலையும் சோதிப்பதும் நோயல்ல. சோதித்த பிறகு அவர் படகை எடுத்துவிடுகிறார். எண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, மிகுந்த துன்பம் தந்தாலோ, வேலை, படிப்பு, உறவு ஆகியவற்றைக் குலைத்தாலோ அது நோயாகக் கருதப்படுகிறது. உலகளவில் நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் சிறு வயதிலோ இளமையிலோ தொடங்கும். பிள்ளைப்பேற்றை ஒட்டிய மாதங்களிலும் தலைகாட்டும்.

பிள்ளைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று நடுங்குகிற தாயை "ஆபத்தானவள்" என்று கருதிப் பிள்ளையைப் பிரித்து வைப்பது பெருங்கொடுமை. அந்த எண்ணம் அவர் விருப்பத்துக்கு நேர்மாறானது. அவர் அஞ்சுவதே அதற்குச் சான்று. ஆனால் காதில் குரல் கேட்டு அது கட்டளையிடுகிறது என்றாலோ, எண்ணத்தில் பயம் சிறிதுமின்றி அதுவே சரி என்று உறுதியாக நம்பினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு இருந்தாலோ, அது வேறு நிலைமை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டார் எவ்வாறு நடந்துகொள்வது

எண்ணத்தோடு வாதாட வேண்டாம். அதைக் கேலி செய்யவும் வேண்டாம். செயலில் நாம் ஏற்றிருக்கும் பங்கு என்ன என்பதை முதலில் பட்டியலிட வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா பதில் சொன்னார், அப்பா பூட்டை இழுத்துக் காட்டினார், நான் அடுப்பைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூவரும் அந்தச் சக்கரத்தின் ஆரங்களாக இருந்தோம். இதை ஒரே நாளில் அறுத்தெறிவது கொடுமையாகிவிடும். நோயுற்றவரோடு உட்கார்ந்து பேசி, அவர் ஒப்புதலுடன், எதை முதலில் குறைப்பது என்று முடிவெடுக்க வேண்டும்.

அம்மா முதலில் "உனக்கே தெரியுமே மக்களே" என்று பதிலை மாற்றினார். நாகர்கோவிலில் அக்காவுக்குச் சிகிச்சையளித்த உளவியலாளர் அதைக் கேட்டுவிட்டு, "அதுவும் 'அடைச்சாச்சு' என்பதுதான், சுற்றிச் சொல்கிறீர்கள், அவ்வளவே" என்றார். பிறகு "அந்தக் கேள்வி வந்துட்டு போல. இருந்துட்டுப் போட்டும், நீ கிளம்பு மக்களே" என்று சொல்ல அம்மா பழகினார். அக்காவின் முகம் தெளியாமலேயே அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, பெற்ற தாய்க்கு எளிதன்று.

சிகிச்சையின் மையமும் இதுதான். அஞ்சுவதை எதிர்கொண்டு, செயலைச் செய்யாமல் இருந்து பழகும் இந்தப் பயிற்சியை இ.ஆர்.பி. என்று சொல்கிறார்கள், 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இதற்கான முதல் வழியைக் காட்டினார். அச்சங்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து, பயிற்சி பெற்றவரின் துணையோடு ஏற வேண்டும். செயலைத் தவிர்த்தால் பதற்றம் முதலில் ஏறும். நேரம் செல்லச் செல்லப் பெரும்பாலும் தணியும். தணியாத நாளிலும் அதைத் தாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்க முடியும் என்பது விளங்கும். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் போன்ற மருந்துகளும், பழைய மருந்தான குளோமிப்ரமினும் பயன் தருபவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலான அளவு தேவைப்படலாம், பயன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று தாமாக நிறுத்துவது, இங்கே நான் மிகுதியாகக் காணும் தவறு.

ஆசாரிப்பள்ளத்திலுள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். உடனே பேச வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணில், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். மனநலச் சிகிச்சை பெறுவது ஒருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது; உங்கள் தகவலை மறைவாகக் காப்பதும் அந்தச் சட்டத்தின் பகுதி.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நாக்கு எழாமல் போகலாம், குறிப்பாக எண்ணம் வெட்கத்துக்குரியதாகத் தோன்றினால். அப்போது ஒரு வார நோட்டை அவரிடம் நீட்டி, எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்று மட்டும் காட்டினால் போதும். அக்காவும் அப்படித்தான் செய்தார். நான்காம் பக்கத்தின் மூலையை மடித்துக் கொண்டு போயிருந்தார்.